தரையைப் பார்த்து நடந்தவள்

அக்கா எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பாள். ஊரில் அதைப் பார்த்திருந்தால் குனிந்த தலை நிமிராத பெண் என்று மெச்சியிருப்பார்கள். தில்லி ஓக்லாவில் நாங்கள் வேலை பார்த்த பட்டறையில் அதே பார்வைக்கு ஆண்கள் எல்லோரும் பயந்தார்கள்.

அது எண்பதுகளின் தொடக்கம். தொழிற்சாலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சினிமாக் கொட்டகைகளுக்கும் வேண்டிய மின்சாரப் பெட்டிகளை எங்கள் பட்டறை செய்துகொண்டிருந்தது. ஆளுயர இரும்புப் பெட்டி. உள்ளே வரிசையாகக் கறுப்பு பிரேக்கர்கள். மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிப்பவை. நான் அங்கே டைப்பிஸ்ட். அக்கா கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் படித்துவிட்டு வந்தவள். பெட்டிகளைச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. முனிர்காவில் ஒரு ஜாட் குடும்பத்து வீட்டு மாடியில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். அவள் சொந்த அக்கா இல்லை. முதல் நாள் அப்படிக் கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது. அவள் என்னை அம்மிணி என்பாள். தஞ்சாவூர்க்காரியான எனக்கு அந்தச் சொல் ஆரம்பத்தில் சிரிப்பை வரவழைத்தது.

தரையில் அவள் தேடியது செம்பு இழைகளை. வளைந்து கொடுக்க வேண்டிய கேபிளுக்குள் ஒற்றைத் தடிக் கம்பி இருக்காது. தலைமுடி போன்ற மெல்லிய இழைகள் கற்றையாக இருக்கும். அதை அப்படியே பிரேக்கரில் செருகித் திருகினால் இழைகள் பிதுங்கி நாலாபக்கமும் ஓடும், பாதி நசுங்கும். அதனால் கற்றையின் நுனியில் லக் என்கிற செம்புத் தொப்பியை மாட்டி, கருவியால் அழுத்திக் கடிக்க வைத்து, பிறகுதான் திருக வேண்டும். கற்றை பெரிதாகவும் லக் சிறிதாகவும் இருந்தால்? சுலபமான வழி ஒன்று உண்டு. ஓரத்து இழைகளைக் கொஞ்சம் நறுக்கிவிட்டால் கற்றை உள்ளே போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் பிரம்மாவுக்கும் தெரியாது. ஆனால் நறுக்கிய துணுக்குகள் எங்கே போகும்? முடிவெட்டுகிற கடை மாதிரி, தரை காட்டிக்கொடுத்துவிடும்.

“தேர் இழுக்கற எடத்துல பாதிப் பேரை ஊட்டுக்கு அனுப்பிச்சுட்டா, மிச்சம் நிக்கறவனுக்குத்தானே தோள் போகும்?” என்பாள். “இழையும் அப்படித்தான் அம்மிணி. கொறைச்சுட்டா மிச்சம் இருக்கறது சூடாகும். சூடு யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு வராது.”

அவளே ஒரு லக் மாட்டுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். டைப்ரைட்டருக்கு ரிப்பன் மாற்றுகிற சாக்கில் எழுந்து போய் நிற்பேன். கேபிளின் மேலுறையைச் சுற்றிலும் லேசாகக் கீறி, ஆரஞ்சுத் தோல் போல உரிப்பாள். கத்தி ஓர் இழையில் பட்டாலும் அந்த நுனியையே வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். கற்றையை விரலால் நீவி ஒன்றுசேர்த்து லக்குக்குள் தள்ளும்போது, குழந்தைக்குச் சட்டை போடுகிறவர்கள் கையைப் பிடித்து நுழைப்பார்களே, அந்தக் கவனம் முகத்தில் இருக்கும். கருவியால் அழுத்தி முடித்ததும் ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுப்பாள். ஐந்தடி உயரம்கூட இல்லாதவள் அப்படி இழுப்பதைப் புதிதாக வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

இந்த இழுக்கும் பழக்கம் பட்டறையோடு நின்றதா என்றால் இல்லை. எனக்குப் பின்னல் போட்டுவிட்டு நுனியை ஒரு இழு இழுப்பாள். மாடியில் கொடிக்கயிறு கட்டினால் அதில் தொங்கிப் பார்ப்பாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய அரிசிப் பையின் கைப்பிடியை இழுத்து அறுத்துவிட்டு, “பாத்தியா, பஸ்ல அறுந்திருக்கும்” என்று கடைக்காரரிடமே வேறு பை கேட்டாள். அவர் கொடுத்தார். அதையும் இழுத்தாள்.

பட்டறையின் தலைமை வயர்மேனை எல்லோரும் மிஸ்திரி என்போம். பஞ்சாபி, நரைத்த மீசை, நல்ல கைக்காரர். மனம் சரியாக இருந்தால் அக்காவை ‘பேட்டி’ என்பார், மகளே என்று. கோபமென்றால் ‘மேடம்ஜி’. இழை நுனிகளை உருக்கிய ஈயத்தில் தோய்த்தெடுப்பது அவருடைய பெருமை. வெள்ளிக் குச்சி போலப் பளபளக்கும். அக்கா வந்த புதிதில் அதையும் வேண்டாம் என்றுவிட்டாள். ஈயம் மெத்து, திருகு அழுத்த அழுத்த மெல்ல நகர்ந்துகொள்ளும், சில மாதத்தில் பிடி தளர்ந்துவிடும் என்றாள். கொஞ்ச காலம் பட்டறையில் ‘மேடம்ஜி’ மட்டுமே கேட்டது.

அவளுக்கு வாய்த்த இன்னொரு எதிரி ஒரு சொல். ‘சல் ஜாயேகா.’ ஓடிவிடும், சமாளித்துவிடலாம். தில்லியில் தையல்காரர் முதல் வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்வது. எங்கள் முதலாளி அதைத் தினமும் சொன்னார். கெட்டவர் அல்ல. மதியம் எல்லோருக்கும் வீட்டிலிருந்து மோர் வரவழைத்துக் கொடுப்பார். ஆனால் பெட்டி வாசலைத் தாண்டிவிட்டால் அது உலகத்தின் கவலை என்று நினைக்கிறவர்.

அந்த வருடம் மே மாதத்தில் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர்ப் பெட்டி ஒன்று தயாரானது. மின்சாரம் போனால் ஜெனரேட்டரிலிருந்து இந்தப் பெட்டி வழியாகத்தான் வெளிச்சமும் காற்றும். ஜெனரேட்டர் அதிரும் என்பதால் கேபிளும் மெல்லிய இழைக் கேபிள். அதன் கனத்துக்குப் பொருந்தி, பிரேக்கரின் குறுகலான வாயிலும் அடங்குகிற லக் பட்டறையில் இல்லை. மிஸ்திரி முதலாளியிடம் கேட்டார். “இருக்கிறதை வெச்சுச் சமாளி. சல் ஜாயேகா” என்றார் முதலாளி.

அடுத்த நாள் அக்கா குனிந்து பார்த்தபோது பெட்டிக்கடியில் செம்புத் துணுக்குகள் கிடந்தன. ஒரு கைப்பிடி இருக்கும். அவற்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். உள்ளே என்ன பேசினார்கள் என்பது பட்டறை முழுவதும் கேட்டது.

“யார் வெட்டினது?” என்று முதலாளி கத்தினார்.

“யார் வெட்டினா என்னங்க? லக் வாங்கிக் குடுங்க, நான் மாத்தறேன்.”

அவள் இந்தியில்தான் பேசினாள். அவளுடைய இந்தியில் ஆண்பால் பெண்பால் கிடையாது. தன்னையும் ஆணாகவே பேசிக்கொள்வாள். மற்ற நாட்களில் சிரிக்கிற யாரும் அன்று சிரிக்கவில்லை. மிஸ்திரி தன் மேசையில் தலையைக் குனிந்தபடி ஒரே திருகாணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

லக் வாங்கலாம் என்று முதலாளி ஒத்துக்கொண்டார். ஆனால் அக்கா வேறொரு வேலையாக ஃபரீதாபாத் போயிருந்த நாளில் பெட்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். திரும்பி வந்தவள் பெட்டி நின்ற காலி இடத்தைப் பார்த்தபடி நின்றாள். அங்கே தரையைச் சுத்தமாகப் பெருக்கியிருந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் தனியாக பாகீரத் பேலஸ் மின்சாமான் சந்தைக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கிச் சரியான லக்குகளைத் தன் கைக்காசு போட்டு வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை தலை வாரிக்கொண்டே, “அம்மிணி, சோலி இல்லைன்னா கூட வர்றியா? பை கனமா இருக்கு” என்றாள். பையில் அழுத்துகிற கருவி இருந்தது. எங்கே என்று நான் கேட்கவில்லை.

மேற்கு தில்லிக்கு இரண்டு பஸ் மாறிப் போனோம். ஆஸ்பத்திரி மேனேஜர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வேர்த்து வழிந்து நிற்கும் இரண்டு மதராஸிப் பெண்களையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கம்பெனி அனுப்பியதா?”

ஒரு சின்னப் பொய் சொன்னால் போதும். சொல்லிவிடு தாயே என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

“இல்லை. கம்பெனிக்குத் தெரியாது. இந்தப் பெட்டியை நான் பாஸ் பண்ணலை. உள்ளே ஒரு தப்பு இருக்கு. கரெண்ட் இருக்கிறப்பவே, ஜெனரேட்டர் ஓடாத நேரமா ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னா சரி பண்ணிட்டுப் போயிடறேன்” என்றாள் அக்கா.

அவர் எழுந்து போய் எங்கள் முதலாளியின் வீட்டுக்கு டெலிபோன் செய்தார். நாங்கள் மரப்பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்கு எதிரே புதிதாக அப்பாவான ஒருவர் லட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவர்க்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் கொடுத்தார். அக்கா வாங்கிச் சாப்பிட்டாள். நான் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவர் மிஸ்திரி.

“மேடம்ஜி, உங்களைக் கையோடு கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் முதலாளி.”

“வர்றேன் மிஸ்திரிஜி. ஒரே ஒரு தடவை திறந்து பாத்துட்டுப் போயிடலாம். மூடி மட்டும் கழட்டுங்க.”

அவர் தயங்கினார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தோளைக் குலுக்கினார். மூடியைக் கழற்றினார்கள். அந்த வாரம் தில்லியில் தினமும் மதியம் மின்சாரம் போனதால் ஜெனரேட்டர் தினமும் ஓடியிருந்தது. மூன்று கேபிள்களில் நடுவில் இருந்ததன் சிவப்பு உறை, லக்குக்குப் பக்கத்தில் டீ கறை போலப் பழுத்திருந்தது. மிஸ்திரி அதை விரலால் தொட்டார். பொருக்காக உதிர்ந்தது. அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையை அக்காவிடம் நீட்டினார். “கத்தி கொடு, பேட்டி.”

அவர்தான் செய்தார். நுனிகளை வெட்டி, புது நுனி உரித்து, ஓர் இழைகூடச் சிதறாமல் லக்குக்குள் நுழைத்தார். அக்கா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுத்தி முடித்ததும் அவரே இழுத்துப் பார்த்தார். பிறகு தள்ளி உட்கார்ந்து அவளுக்கு வழிவிட்டார். அவளும் இழுத்தாள்.

“நான் இழுத்தது போதாதா?” என்றார்.

“நீங்க இழுத்தது உங்களுக்குங்க. இது எனக்கு” என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

மூடியைப் பூட்டுவதற்கு முன்பே வழக்கம்போல மின்சாரம் போனது. ஜெனரேட்டர் உறுமிக் கிளம்பியது. விசிறிகள் சுற்றத் தொடங்கின. மாடியில் எங்கோ ஒரு குழந்தை அழுதது, ஓய்ந்தது. அக்கா புறங்கையைக் கேபிளுக்கு அருகில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் டீ வரவழைத்தார்.

பஸ் நிறுத்தத்தில்தான் கவனித்தேன். எங்கள் பஸ் வந்து நின்று கிளம்பிப் போனது, அவள் எழவே இல்லை.

“என்னக்கா?”

“பயந்துட்டேன் அம்மிணி. வேலை போச்சுன்னா ஊருக்குத்தான் போகோணும். போனா அப்பா திரும்ப அனுப்ப மாட்டாரு. அந்த வெசனம்தான் ரெண்டு நாளா.”

அதுவரை அவளுக்குப் பயமே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டார். அவளுக்கு முன்னால் மிஸ்திரி உள்ளே போய்விட்டார். “நான்தான் வெட்டினேன். லக் கேட்டேன், நீங்க சமாளிக்கச் சொன்னீங்க. நேத்து அது கருகிக் கிடந்ததைக் கண்ணால பாத்தேன். இவளை அனுப்பணும்னா என்னையும் அனுப்புங்க” என்றார். முதலாளி இருவரையும் வெளியே போகச் சொன்னார். பல நாள் அக்காவோடு பேசவில்லை. ஆனால் மதிய மோர் நிற்கவில்லை. லக் வாங்கக் கேட்டால் ஆள் அனுப்பத் தொடங்கினார்.

அந்தக் குளிர்காலத்தில் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. மோதி பாக் குவார்ட்டர்ஸில் இருந்த அவளுடைய தூரத்துச் சொந்தம் ஒருவர் ஏற்பாடு செய்தது. மாப்பிள்ளை மத்திய அரசாங்கத்தில் நல்ல உத்தியோகம், அதே காலனியில் வீடு. முனிர்கா அறையில் பெண் பார்க்க முடியுமா? அதனால் நாங்களே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். பட்டுப்புடவையில் அக்கா குனிந்தபடி நுழைந்ததும் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவள் தரையில் தேடுவது என்னவென்று எனக்குத்தானே தெரியும்.

கேசரி வந்தது. அறை மூலையில் மின்சாரக் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் பிளக்கை அக்கா பார்த்தாள். மறுபடி பார்த்தாள். எழுந்து போய்ப் புறங்கையால் தொட்டுவிட்டு, “இது சுடுதுங்களே” என்றாள்.

“அது மூணு வருசமா அப்படித்தான் சுடுதுங்க. ஒண்ணும் ஆகலை. நீங்க உக்காருங்க” என்றார் மாப்பிள்ளை, கையிலிருந்த பேப்பரைத் தாழ்த்தி.

அவள் உட்காரவில்லை. மெயினை அணைத்தாள். வீடு இருண்டது. யாரோ மெழுகுவத்தி ஏற்றினார்கள். திருப்புளி இல்லையென்றதும் காய் நறுக்கும் கத்தி முனையால் பிளக்கைத் திறந்தாள். இழைகளில் கால்வாசிதான் திருகுக்குள் இருந்தது, மற்றவை கருகி உதிர்ந்திருந்தன. சரிசெய்து, இழுத்துப் பார்த்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து மீதிக் கேசரியைச் சாப்பிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா, “கெட்டிக்காரப் பொண்ணு, எங்களுக்குப் பூரண சம்மதம்” என்றுவிட்டார்.

வேண்டாமென்றது அக்காதான். “ஏன்க்கா, நல்ல மனுஷராத்தானே தெரியறார்?” என்றேன்.

“நல்ல மனுசன்தான். ஆனா சுடுதுன்னு தெரிஞ்சும் மூணு வருசமா அது பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிருக்காரே அம்மிணி. அவர்கூட நான் எப்படி இருக்கறது?”

செய்தி ஊருக்குப் போனது. அடுத்த மாதம் அவளுடைய அப்பா ரயிலேறி வந்துவிட்டார். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விவசாயம். வேட்டிமேல் யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்வெட்டர். ஊர் திரும்ப இரண்டு டிக்கெட் எடுத்திருந்தார். அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் புடவைகளை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். “இன்னிக்கு ஒரு பெட்டி போகோணுங்கப்பா. அதை முடிச்சுக் குடுத்துட்டு வந்துடறேன்” என்று மட்டும் சொன்னாள். அவரும் கூடவே பட்டறைக்கு வந்தார். மகள் தப்பித்துவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ.

ஒரு கேபிள் உருளைமேல் உட்கார்ந்து காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ்திரி ஓர் இணைப்பை முடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். அவள் வந்ததும் குனிந்தாள்.

“கீழே என்னத்தைத் தேடறா?” என்று அப்பா என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து போய் மேசையிலிருந்து ஒரு லக்கை எடுத்து, உருட்டி உருட்டிப் பார்த்தார்.

“நம்ம கெணத்து மோட்டாருக்கு இது போட்டிருக்குதா?”

“இல்லீங்கப்பா. வயரை முறுக்கி அப்படியே திருகியிருக்குது.”

“அதனாலதான் வருசா வருசம் கருகுதா?”

“ஆமாங்கப்பா.”

“இத்தனை நாளா ஏன் சொல்லல?”

“சொன்னனுங்களே. படிக்கறப்பவே சொன்னேன். லைன்மேனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னீங்க.”

அவர் லக்கை மறுபடி உருட்டிப் பார்த்தார். என்ன பேசுகிறார்கள் என்று மிஸ்திரி கேட்டார். நான் இந்தியில் சொன்னதும், அவர் அந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன்: “இவ சரின்னு சொல்ற வரைக்கும் தன் வேலை முடிஞ்சதுன்னு இவர் வீட்டுக்குப் போறதில்லையாம்.” அப்பா தலையை மட்டும் அசைத்தார். பிடித்த கையை விடுவிக்கத் தெரியாமல் அப்படியே நின்றார்.

சாயங்காலம் முனிர்கா அறையில் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து இரண்டு டிக்கெட்டையும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, “ஒரு டிக்கெட்டை மட்டும் ரத்துப் பண்ணோணும்னா எங்க போகோணும் அம்மிணி?” என்றார்.

அக்கா ஸ்டவ்வுக்கு முன்னால் குந்தியிருந்தாள். திரும்பவில்லை.

“சித்திரை பொறந்ததும் ஒரு வாரம் லீவு போட்டுட்டு வா. மோட்டார்ப் பொட்டியப் பாத்துக் குடு” என்றார் அவள் முதுகிடம். ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, “பாத்துக் குடுத்துட்டுத் திரும்பி வந்துக்கலாம்” என்றார்.

“சரிங்கப்பா” என்றாள். ஸ்டவ்வை வேண்டியதற்கு மேலேயே பம்ப் அடித்தாள். அது இரைந்து எரிந்தது. அந்த இரைச்சலில் அவள் அழுதாளா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. டீ கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஒரு வாய் குடித்தேன், சர்க்கரையே இல்லை. அப்பாவும் ஒரு வாய் குடித்தார், தம்ளரைப் பார்த்தார். பிறகு மீதி முழுவதையும் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார்.